யாருக்கான சுதந்திரம்?

"ஆயுதம் இல்லாம அமைதியா கூடுற உரிமைன்னு போட்டிருக்கே அக்கா, இது யாருக்கு?"

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவன் கேட்ட கேள்வி இது. ஞாயிற்றுக்கிழமை மாலை, காலனியின் சமுதாயக் கூடம், நாங்கள் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் படிப்பு வட்டம். அன்றைக்கு எடுத்துக்கொண்டது அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு. பேச்சு சுதந்திரம், அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் சுதந்திரம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும் பிரிவு.

"அமெரிக்காவுல யார் வேணும்னாலும் துப்பாக்கி வச்சிக்கலாமாம். நமக்கும் அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தா அன்னிக்கு நம்ம மேல கை வச்சிருப்பாங்களா?" என்றான் தொடர்ந்து.

'அன்னிக்கு' என்று அவன் சொன்னது ஏப்ரல் 14. அம்பேத்கர் பிறந்தநாள் ஊர்வலம் ஊர்த்தெரு முனையைத் தொட்டதும் மறித்தார்கள். இரண்டு பையன்களுக்குத் தலையில் தையல். முதல் தகவல் அறிக்கை பதிவாக நான்கு நாள் ஆனது. ஆனால் எல்லோர் மனதிலும் நின்றுபோனது அடி அல்ல. தெருமுனை வீட்டுத் திண்ணையில் ஒருவர் உட்கார்ந்து தன் இரட்டைக்குழல் துப்பாக்கியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். உரிமம் உள்ள துப்பாக்கிதான். பயிரை மேயவரும் பன்றிக்கென்று வாங்கியதாம். அவர் அதைத் தூக்கவில்லை, யார் பக்கமும் நீட்டவில்லை. துடைத்தார், அவ்வளவுதான். ஊர்வலத்தில் போன ஒவ்வொருவரும் அதைப் பார்த்தோம்.

"துப்பாக்கியால எதுவும் தீராது தம்பி. பாபாசாகேப் காட்டின வழி சட்டம்" என்றோம்.

"அவர் திண்ணையில வச்சித் தொடச்சதும் சட்டப்படிதானேக்கா?"

எங்களிடம் பதில் இல்லை. சமூகவியலில் முதுகலைப் பட்டம், பத்து வருடக் களப்பணி எல்லாம் இருந்தும் அந்த மாலையில் வாயடைத்துத்தான் உட்கார்ந்திருந்தோம். மனப்பாடமாக வந்த பதிலை அவன் ஒரே வரியில் உடைத்துவிட்டான். அதற்குப் பிறகு சில வாரங்கள் நாங்கள் படித்ததும் எங்களுக்குள் சண்டை போட்டதும்தான் இந்தக் கட்டுரை. அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில், உங்களுக்கும் உதவலாம்.

முதலில் அவன் சொன்ன அமெரிக்கா. அங்கே ஆயுதம் வைத்திருக்கும் உரிமை 1791இல் அரசியலமைப்பில் சேர்ந்த இரண்டாவது திருத்தத்திலிருந்து வருகிறது. அந்த ஆண்டில் அந்த நாட்டின் கறுப்பின மக்களில் மிகப் பெரும்பாலானோர் அடிமைகள். 1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பர்கள் குடிமக்களாக முடியாது என்று தீர்ப்பெழுதிய தலைமை நீதிபதி ரோஜர் டேனி அதற்குச் சொன்ன காரணங்களைக் கவனியுங்கள். இவர்களைக் குடிமக்கள் என்று ஏற்றால் இவர்கள் கூட்டம் போடலாம், அரசியல் பேசலாம், போகும் இடமெல்லாம் ஆயுதம் கொண்டுபோகலாம் என்றாகிவிடுமே என்பதும் அவற்றில் ஒன்று. அந்த விளைவே அவருக்குப் போதுமான மறுப்பாகத் தெரிந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்த 1865இலேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலை பெற்ற கறுப்பர் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. ஆக, 'யார் வேணும்னாலும்' என்பதில் வரும் அந்த 'யார்' தொடக்கத்திலிருந்தே எல்லோரும் அல்ல.

துப்பாக்கி கையில் இருந்திருந்தால்? அதற்கும் வரலாறு இருக்கிறது. லூசியானா மாநிலத்தில் கோல்ஃபாக்ஸ் என்ற சிற்றூர். 1873, ஈஸ்டர் ஞாயிறு. தேர்தல் தகராறில் கறுப்பின மக்கள் நீதிமன்றக் கட்டடத்தைக் காவல் காத்து நின்றார்கள். அவர்களில் சிலரிடம் துப்பாக்கியும் இருந்தது. வெள்ளையர் கூட்டம் சின்ன பீரங்கியோடு வந்தது. சரணடைந்தவர்களையும் விடவில்லை. செத்தவர் எத்தனை பேர் என்பதில் இன்றும் ஒரே கணக்கில்லை. குறைந்தது 60, அதற்கு மேலும் இருக்கலாம். கொன்றவர்களில் வெகு சிலருக்கே தண்டனை கிடைத்தது. அதையும் 1876இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இந்த உரிமைகள் அரசைக் கட்டுப்படுத்துபவை, தனி மனிதர்களை அல்ல என்றது தீர்ப்பு.

இதைப் படித்தபோது எங்களில் ஒருவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "லட்சுமண்பூர் பாத்தே" என்றார். பீகாரில் 1997 டிசம்பர் 1 இரவு ரண்வீர் சேனா 58 தலித் மக்களைக் கொன்ற ஊர். கீழமை நீதிமன்றம் தண்டித்த 26 பேரையும் 2013இல் பாட்னா உயர் நீதிமன்றம் விடுவித்தது. 1873க்கும் 2013க்கும் இடையில் கடல்கள் இருக்கின்றன, காலமும் இருக்கிறது. பாடம் மட்டும் ஒன்றுதான். துப்பாக்கிக்குப் பின்னால் நிற்கும் காவல் நிலையமும் நீதிமன்றமும் யார் பக்கம் என்பதுதான் சாவையும் வாழ்வையும் தீர்மானிக்கிறது.

ஆனால் நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே லூசியானாவில் 1964இல், ஜோன்ஸ்பரோ என்ற ஊரில், 'டீக்கன்ஸ் ஃபார் டிஃபன்ஸ்' என்ற அமைப்பு உருவானது. போருக்குப் போய்த் திரும்பிய கறுப்பின ஆண்கள் பலர் அதில் இருந்தார்கள். கு கிளக்ஸ் கிளான் வண்டிகள் தெருவுக்குள் வராதபடி, குடியுரிமைப் போராளிகள் தூங்கும் வீடுகளுக்கு வெளியே துப்பாக்கியோடு காவலிருந்தார்கள். அகிம்சைப் போராட்டத்தின் வாசலில் ஆயுதக் காவல். 'அகிம்சைதான் வென்றது' என்று ஒரு வரியில் முடிக்கும் பாடப்புத்தகம் இவர்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. எங்கள் தம்பியின் கேள்வியை முட்டாள்தனம் என்று ஒதுக்க முடியாது என்பதற்கு இவர்களே சாட்சி.

அடுத்து நமக்கு நெருக்கமான கதை. 1966இல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் ஹூயி நியூட்டனும் பாபி சீலும் கருஞ்சிறுத்தைகள் கட்சியைத் தொடங்கினார்கள். ஒரு கையில் சட்டப் புத்தகம், மறு கையில் துப்பாக்கி. காவல்துறை கறுப்பர்களை நிறுத்தி விசாரிக்கும் இடங்களில் தள்ளி நின்று கண்காணித்தார்கள். அப்போதைய கலிஃபோர்னியா சட்டப்படி அது குற்றமல்ல. 1967 மே மாதம் ஆயுதத்தோடு மாநிலச் சட்டமன்றத்துக்கே போனார்கள். அதே ஆண்டில் பொது இடத்தில் குண்டு நிரப்பிய துப்பாக்கி ஏந்தத் தடை வந்தது. கையெழுத்திட்ட ஆளுநர் ரொனால்ட் ரீகன். இன்று துப்பாக்கி உரிமையின் காவலனாக முழங்கும் தேசிய ரைஃபிள் சங்கம் அன்று அந்தத் தடையை ஆதரித்தது. வெள்ளைக் கையில் இருந்தவரை சுதந்திரம். கறுப்புக் கைக்கு வந்ததும் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை.

அந்தச் சிறுத்தைகளின் பெயரைத்தான் 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ராஜா தாலேயும் ஜே.வி. பவாரும் தங்கள் இயக்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். தலித் சிறுத்தைகள். பெயரை எடுத்தவர்கள் துப்பாக்கியை எடுக்கவில்லை. கவிதையும் துண்டறிக்கையும் தெருவும் அவர்களுக்கு ஆயுதமாயின. அது பயமா, கணக்கா? எங்களுக்குக் கணக்கு என்றே படுகிறது. எண்ணிக்கையில் சிறுபான்மையாக, ஊருக்கு ஒதுக்குப்புறமாகச் சிதறிக் கிடக்கும் மக்கள், அரசும் எதிரே நிற்கும்போது ஆயுதப் போட்டியில் வெல்ல முடியாது.

இப்போது வேறொரு நாடு. 1996 ஏப்ரல் 28, ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் ஒரே ஆள் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அப்போதுதான் பதவிக்கு வந்திருந்த பிரதமர் ஜான் ஹோவர்ட் ஒரு பழமைவாதி. இரண்டு வாரத்துக்குள் எல்லா மாநிலங்களையும் உடன்பட வைத்தார். ஏறத்தாழ 6,50,000 துப்பாக்கிகளை அரசு காசு கொடுத்து வாங்கி அழித்தது. அங்கேயும் 'எங்கள் சுதந்திரம்' என்று எதிர்த்தார்கள். துப்பாக்கிக்காரர்கள் கூட்டத்தில் பேசப்போன பிரதமர் சட்டைக்குள் குண்டு துளைக்காத கவசம் போட்டுக்கொண்டு போனார். அமெரிக்காவில் பழமைவாதி என்றாலே துப்பாக்கி ஆதரவாளர் என்று படித்து வைத்திருப்போமே, அந்தச் சமன்பாடு இங்கே உடைகிறது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அதே ஹோவர்ட்தான் புவி வெப்பமாதலுக்கு எதிரான கியோட்டோ ஒப்பந்தத்தை ஏற்க மறுத்தார். 2007 டிசம்பரில் அடுத்த பிரதமர் கெவின் ரட் வந்துதான் ஆஸ்திரேலியா அதை ஏற்றது. 2012இல் கரிம உமிழ்வுக்கு விலை வைத்தார்கள். இரண்டே ஆண்டில் அடுத்த அரசு அதை எடுத்தும் போட்டது. துப்பாக்கிக்காரரின் சுதந்திரத்தில் கை வைக்கத் துணிந்த நாடு நிலக்கரி முதலாளியின் சுதந்திரத்தில் கை வைக்கத் தயங்கியது. அதற்கு விலை கொடுத்தவர்கள் டாரஸ் நீரிணைத் தீவுகளின் பூர்வகுடிகள். கடல் அவர்களுடைய முன்னோரின் கல்லறை வரை வந்துவிட்டது. அவர்களைக் காக்க ஆஸ்திரேலியா தவறிவிட்டது என்று 2022இல் ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது.

சுவிட்சர்லாந்தைப் பார்த்தால் கணக்கு இன்னும் குழம்பும். படைப்பயிற்சி பெற்ற குடிமகன் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் வழக்கம் உள்ள நாடு அது. இருந்தும் 2019இல் துப்பாக்கிச் சட்டத்தைக் கடுமையாக்க மக்களே வாக்களித்தார்கள். 2021இல் காலநிலைச் சட்டம் ஒன்றை நிராகரித்தார்கள், 2023இல் இன்னொன்றை ஏற்றார்கள். அந்த நாட்டின் அப்பென்செல் இன்னர்ரோடன் மாநிலத்தில் ஒரு மரபு உண்டு. திறந்த வெளியில் கூடிக் கை தூக்கி வாக்களிப்பார்கள். ஆணுக்கு அவன் கொண்டுவரும் வாளே வாக்குரிமைக்கு அடையாளம். பெண்ணுக்கு? 1990இல் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அங்கே பெண்களுக்கு மாநில வாக்குரிமையே கிடைத்தது. ஆயுதம் தற்காப்புக் கருவி மட்டுமல்ல, யார் முழுக் குடிமகன் என்பதற்கான முத்திரையும்கூட. நமக்கு இது புதிதல்ல. அம்பேத்கரின் அப்பா ராம்ஜி ராணுவத்தில் சுபேதார். 1890களில் மகர்களைப் படைக்கு எடுப்பதை ஆங்கிலேய அரசு நிறுத்தியது. அந்தக் கதவு திறக்க வேண்டும் என்று மனுப்போட்டும் வாதாடியும் பல ஆண்டுகள் போயின; 1941இல்தான் மகர் ரெஜிமென்ட் அமைந்தது.

காலநிலை விஷயத்தில் 'சுதந்திரம்' என்ற சொல்லுக்கு இரண்டு பக்கமும் சொந்தம் கொண்டாடுகிறார்கள். என் வண்டி, என் எரிபொருள், என் தொழிற்சாலை, அரசு தலையிடாதே என்பது ஒரு சுதந்திரம். 2021இல் ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் இன்னொன்றைச் சொன்னது. இன்றைக்கு உமிழ்வைக் குறைக்காமல் தள்ளிப்போட்டால் சுமை முழுவதும் நாளைய தலைமுறையின் தலையில் விழும். அவர்கள் சுதந்திரம் சுருங்கிப்போகும். எனவே உங்கள் சட்டம் போதாது என்றது. வழக்குப் போட்டவர்களில் இளைஞர்களும் இருந்தார்கள்.

அதற்காகக் காலநிலைக் கொள்கை என்று பெயர் வைத்த எதையும் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்க முடியாது. 2018இல் பிரான்ஸ் எரிபொருள் வரியை உயர்த்தப் போனபோது மஞ்சள் சட்டைக்காரர்கள் தெருவை மறித்தார்கள். அதற்குச் சற்று முன்னர்தான் பணக்காரர்களின் சொத்து வரியைப் பெருமளவு குறைத்திருந்தது அந்த அரசு. பூமியைக் காப்பாற்றும் செலவு பேருந்து இல்லாத ஊரில் வேலைக்கு வண்டி ஓட்டிப் போகிறவரின் பையிலிருந்து வர வேண்டும் என்றால் அவர் கேட்கத்தானே செய்வார்? வரி நிறுத்தப்பட்டது. நம் ஊரில் மேய்ச்சல் புறம்போக்கில் சூரிய மின்தகடு வரும்போது, அந்த நிலத்தில் ஆடு மேய்த்தவர் யார் என்ற கேள்வியை நாமும் கேட்டாக வேண்டும்.

துப்பாக்கி, காலநிலை, சுதந்திரம் மூன்றும் ஒரே இடத்தில் மோதிய நாட்கள் உண்டு. மறுபடியும் லூசியானாதான். 2005 ஆகஸ்ட் 29, கத்ரீனா புயல். கரைகள் உடைந்து நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் 80 சதவீதம் தண்ணீருக்குள் போனது. வண்டி உள்ளவர்கள் முன்பே வெளியேறிவிட்டார்கள். மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் கறுப்பின ஏழைகள். பாலத்தைக் கடந்து அக்கரைக்கு நடந்துபோக முயன்றவர்களை கிரெட்னா நகரக் காவல்துறை துப்பாக்கியோடு மறித்துத் திருப்பி அனுப்பியது. செப்டம்பர் 4 அன்று டான்சிகர் பாலத்தில், ஆயுதம் எதுவும் இல்லாத கறுப்பினத்தவர் மீது காவலர்கள் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள், நான்கு பேர் காயமடைந்தார்கள்.

அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. பாலத்தில் மக்களை மறிக்கக் கூடாது என்று அல்ல. பேரிடர் நேரத்தில் குடிமக்களின் சட்டப்படியான துப்பாக்கியைப் பறிக்கக் கூடாது என்று. வெள்ளத்தில் சில வீடுகளில் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்தார்கள், அதற்குத் தீர்வு உடனே வந்துவிட்டது. பாலத்தைக் கடக்கும் சுதந்திரத்துக்கு அந்த வேகம் இல்லை.

அந்தப் பாலத்தை நாமும் பார்த்திருக்கிறோம். 2004இல் சுனாமி வந்தபோது நாகப்பட்டினம் பக்கம் நிவாரண முகாமிலும் குடிதண்ணீர்த் தொட்டியிலும் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. சுனாமி காலநிலை மாற்றத்தால் வந்ததல்ல. ஆனால் தண்ணீர் வந்தால் யார் எங்கே நிறுத்தப்படுவார்கள் என்பதை அது காட்டியது. எங்கள் பக்கத்துக் காலனிகள் ஏரிக்குக் கீழே, பள்ளத்தில் இருக்கின்றன. மேட்டு நிலம் ஊருக்கு. 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் என்று ஒவ்வொரு முறையும் தண்ணீர் முதலில் எங்கே நின்றது என்று பாட்டிமார்களைக் கேளுங்கள். சுட்டெரிக்கும் சித்திரை வெயிலில் களையெடுப்பவர் யார், சாக்கடையில் இறங்குபவர் யார் என்றும் கேளுங்கள். 2024இல் நம் உச்ச நீதிமன்றம், ராஜஸ்தானிலும் குஜராத்திலும் கானமயில் பறவையைக் காக்கும் வழக்கில், காலநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து பாதுகாப்புப் பெறுவது 14, 21ஆம் பிரிவுகளின் கீழ் உரிமை என்று சொன்னது. அந்த உரிமை ஏரிக்குக் கீழே இறங்கி வர இன்னும் நிறைய வழக்குகள் தேவைப்படும்.

சரி, திண்ணைத் துப்பாக்கிக்கு என்ன வழி?

இந்தத் தேடலில்தான் நாங்கள் பலமுறை புரட்டியும் நின்று படிக்காத ஒன்றைப் படித்தோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கான 1995ஆம் ஆண்டு விதிகள், 3ஆம் விதி. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று அடையாளம் கண்ட இடத்தில், தேவைப்பட்டால் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்க வைக்கலாம். உரிமம் இல்லாதவற்றைப் பறிமுதல் செய்யலாம். தேவையென்று கருதினால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் தரவும் செய்யலாம். டேனி எதை நினைத்துப் பயந்தாரோ அது நம் விதிப்புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது.

காலனியில் கூட்டம் போட்டோம். இளைஞர்கள் பாதிப் பேர் "உரிமம் கேப்போம்" என்றார்கள். ஒரு அம்மா எழுந்தார். தலையில் தையல் போட்ட பையன்களில் ஒருவனுக்கு அம்மா. "எம் புள்ள கையில துப்பாக்கி இருந்திருந்தா அன்னிக்கு தையல் இல்ல, பொணம். எங்க வூட்டுலயா, அவங்க வூட்டுலயான்னு எனக்குத் தெரியாது. அவர்கிட்ட இருக்கறத வாங்கி உள்ள வைக்கச் சொல்லுங்க, போதும்." நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. தம்பி மட்டும், "உரிமம் கேக்கறது வேற, வாங்கறது வேற. கேட்டாதான் நம்மள ஆளா மதிப்பாங்க" என்றான். அதுவும் தவறில்லை. கடைசியில் முடிவானது: உரிமம் கேட்கவில்லை, ஒப்படைக்க வைக்கச் சொல்லிக் கேட்போம்.

மனுவோடு மாவட்ட அலுவலகம் ஒன்றுக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி, "இதெல்லாம் எந்தச் சட்டத்துல இருக்கு?" என்றார். நகலைக் கொடுத்தோம். இரண்டு முறை படித்தார். "இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லம்மா" என்றார். தேர்தல் வந்தால் உரிமம் உள்ள துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி வாங்கி வைக்கிறார்களே, எங்கள் ஊர்வலத்துக்கு ஏன் முடியாது என்று கேட்டோம். வாக்குச் சாவடிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு வாக்காளருக்குக் கிடைக்கக் கூடாதா? ரசீது கொடுத்தார்கள். ஐந்து மாதம் ஆகிறது. பதில் இன்னும் வரவில்லை. அடுத்ததாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறோம்.

அம்பேத்கர் 1947இல் அரசியலமைப்பு அவைக்காக எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில், அரசு தலையிடாவிட்டால் சுதந்திரம் மிஞ்சும் என்பவர்களைப் பார்த்து, அந்தச் சுதந்திரம் யாருக்கு என்று கேட்கிறார். நிலக்கிழார் குத்தகையை உயர்த்தவும், முதலாளி வேலை நேரத்தைக் கூட்டவும் கிடைக்கும் சுதந்திரம்தானே அது என்பது அவர் வாதம். அமெரிக்கத் துப்பாக்கிக்கும் ஆஸ்திரேலிய நிலக்கரிக்கும் கிரெட்னா பாலத்துக்கும் எங்கள் ஊர்த் திண்ணைக்கும் இந்த ஒரு கேள்வியைத்தான் போட்டுப் பார்த்தோம். எந்த நாட்டில் எந்தக் கட்சி எதை ஆதரிக்கிறது என்று பட்டியல் போட்டால் குழப்பம்தான் மிஞ்சுகிறது. யாருக்கான சுதந்திரம், அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டால் தெளிவு பிறக்கிறது.

அந்தத் தம்பி இன்னும் எங்களோடு முழுதாக ஒத்துப்போகவில்லை. "மனு போட்டே கெழவனாயிடுவோம்க்கா" என்கிறான். ஆனால் தகவல் உரிமை மனுவை எழுதியது அவன்தான். 3ஆம் விதியின் நகலை மடித்து எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கிறான். அடுத்த ஏப்ரல் 14க்கும் ஊர்வலம் அதே தெரு வழியாகத்தான் போகும். அதற்குள் அந்தத் துப்பாக்கி திண்ணையிலிருந்து கிடங்குக்குப் போக வேண்டும். உங்கள் மாவட்டத்தில் இந்த விதியை யாராவது பயன்படுத்தியிருந்தால், இல்லையென்றாலும் கேட்டுப் பார்த்திருந்தால், எங்களுக்குச் சொல்லுங்கள்.

ஜெய்பீம்.